வனஜாவின் பாதி

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை விட்டு உள்ளே நாலு திருப்பம் திரும்பினால் சந்திரம்மா வீடு வரும். கீழே வீட்டுக்காரி சந்திரம்மா, தமிழோடு கன்னடமும் கலந்து பேசுகிறவள். மாடியில் ஒரு அறை, அடுப்பு வைக்க ஒரு மூலை, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குளியலறை. அந்த மாடியில் ஐந்து வருடமாகக் குடியிருந்தவள் வித்யாலட்சுமி. கிருஷ்ணகிரிக்காரி, வயது முப்பத்தொன்று.

அமெரிக்க டாக்டர்கள் வாயில் பாதியும் மூக்கில் பாதியுமாகப் பேசி அனுப்புகிற நோயாளி விவரங்களைக் காதில் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவள் வேலை. ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், விளக்கிச் சொல்லி மாளாது என்று "ஆஸ்பத்திரி வேலை மாதிரி" என்பாள். கேட்டவர்கள் அவளை நர்ஸ் என்று முடிவு கட்டி மூட்டுவலிக்கு மாத்திரை கேட்பார்கள். அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. டாக்டர் சொன்னது காதில் சரியாக விழாவிட்டால் அந்த இடத்தில் கோடு போட்டு விட்டுவிட வேண்டும். இதுவாகத்தான் இருக்கும் என்று சொந்தமாக எதையும் நிரப்பக் கூடாது. மற்றப் பெண்கள் நிரப்பிவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். வித்யா நிரப்பவே மாட்டாள். அடுத்தவர் இடத்தில் கை வைக்கிற புத்தி அவளுக்குப் பிறவியிலேயே இல்லை. கூட்டம் நெருக்கும் பஸ்ஸில்கூடப் பக்கத்தில் இருப்பவர் சீட்டின் விளிம்பைப் பிடிக்க யோசிக்கிற ரகம்.

அப்படிப்பட்டவளோடு அதே மாடியில் மூன்று வருடம் இருந்தவள் வனஜா. குடியாத்தத்துப் பெண். எலக்ட்ரானிக் சிட்டியில் சாப்ட்வேர் சோதனை செய்கிற வேலை. வனஜா வாய் ஓயாது. மாடியில் அவள் சிரித்தால் கீழே சந்திரம்மா, "ஏனம்மா, சிலிண்டர் வெடிச்சுதா?" என்று குரல் கொடுப்பாள். வித்யா ஒரு நாளில் பேசுவதை வனஜா பல் தேய்க்கும் நேரத்துக்குள் பேசி முடித்துவிடுவாள். ஆனாலும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. எப்படி என்று கேட்டால் அவர்களுக்கே சொல்லத் தெரியாது.

2004-இல் இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு லேப்டாப் வாங்கினார்கள். வாங்கிய பிறகுதான் சிக்கல் தெரிந்தது. வனஜாவின் கம்பெனியில் எல்லாம் லினக்ஸ், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற இன்னொரு ஏற்பாடு. அதைக் கற்றுக்கொண்டால்தான் மேலே போகமுடியும் என்று அவளுக்குப் பிடிவாதம். வித்யாவுக்கு விண்டோஸ் தவிர வேறெதையும் திறக்கத் தெரியாது. கடைசியில் வனஜா ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அண்ணன் தம்பி நிலத்துக்கு வரப்புப் போடுகிற மாதிரி, லேப்டாப்பின் டிஸ்க்கைச் சரிபாதியாகப் பிரித்தாள். முன்பாதி விண்டோஸ், வித்யாவுக்கு. பின்பாதி லினக்ஸ், வனஜாவுக்கு.

"சரிபாதிடி. ஒரு துளிகூட உனக்கு எச்சா கெடையாது" என்றாள் வனஜா.

"எனக்கு எதுக்கு அவ்வளோ? நீயே வெச்சுக்கயேன்."

"அப்படியெல்லாம் சொல்லாத. இப்ப வேணாம்பே, நாளைக்கு என் இடத்துல வந்து குடிசை போடுவே. எனக்கு உன்னத் தெரியாதா?"

அதோடு விடவில்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும், எந்தப் பக்கம் போகவேண்டும் என்று கேட்டு ஒரு கறுப்புத் திரை வரும். அதில் லினக்ஸ், விண்டோஸ் என்று இரண்டு வரிகள் இருக்கும். வனஜா எங்கேயோ புகுந்து அந்த வரிகளை மாற்றி மேலே 'வனஜா' என்றும் கீழே 'வித்யா' என்றும் இங்கிலீஷ் எழுத்தில் வைத்துவிட்டாள். பத்து விநாடிக்குள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதையும் அழுத்தாமல் விட்டால் தானாக வித்யா பக்கம் திறந்துகொள்ளும். "நீதான் எதையும் அழுத்தப் பயப்படுவியே, அதான்" என்று காரணம் வேறு சொன்னாள்.

வித்யாவின் பாதியில் ஒரு கார் ரேஸ் ஆட்டம் இருந்தது. மலைப்பாதையில் இரண்டு கார்கள் ஓடும். திரையின் இடது பாதியில் ஒருத்தர் கார், வலது பாதியில் இன்னொருத்தர் கார். இரண்டுக்கும் ஒரே கீபோர்டு. இடது பக்கத்து எழுத்துகள் நான்கு வனஜாவுக்கு, வலது பக்கத்து அம்புக்குறிகள் வித்யாவுக்கு. சாயங்காலம் இரண்டு பேரும் வேலையிலிருந்து வந்து, முக்குக் கடையில் வாங்கிய காரா பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒட்டிப் போட்டு உட்காருவார்கள். திருப்பம் வந்தால் கார் திரும்புகிறதோ இல்லையோ, வனஜா உடம்போடு திரும்புவாள். வித்யாவின் தோளில் இடித்துச் சாய்வாள். அவள் கார் தவறாமல் பள்ளத்தில் விழும். விழுந்ததும் தோற்றவள் மாதிரியா இருப்பாள்? ஊரையே ஜெயித்தவள் மாதிரி சிரிப்பாள். வித்யா நிதானமாக ஓட்டி எப்போதும் முதலில் வந்துவிடுவாள். ஆனால் ஜெயித்த கார் எந்தப் பக்கம் போயிற்று என்றுகூட அவள் பார்த்ததில்லை. அவள் பார்த்ததெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான்.

2006 தை மாதம் வனஜாவுக்குக் குடியாத்தத்தில் கல்யாணம். மாப்பிள்ளை பாலகுமார் மஸ்கட்டில் வேலை. நல்ல மனிதர்தான். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று வித்யா தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. புறப்படுகிற அன்று வனஜா பெட்டியைக் கட்டி முடித்துவிட்டு லேப்டாப்பைப் பார்த்தாள்.

"இது உன்கிட்டயே இருக்கட்டும்டி. அங்க அவர்கிட்ட இருக்கு."

"உன் பாதி?"

"அது அப்படியே இருக்கும். வந்து பாத்துக்கறேன்." விரலை நீட்டி ஆட்டினாள். "நான் இல்லன்னு என் பக்கத்துல கைய வெச்ச, கொன்னுடுவேன். வந்து அளந்து பாப்பேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆட்டோ வந்தது, வனஜா போய்விட்டாள்.

வனஜா சொன்னது வேடிக்கைக்கு. வித்யா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். இரண்டரை வருடம் அந்தப் பின்பாதிக்குள் அவள் போகவே இல்லை. கடவுச்சொல் தெரியாமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து வனஜாவின் விரல்களைப் பார்த்திருக்கிறாள். தெரியும் என்பதாலேயே போகவில்லை. சந்திரம்மா, "தனியா ஏன் கண்ணு இருக்கே, இன்னொரு பொண்ணச் சேத்துக்கோ" என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். வித்யா இந்த மாசம் அந்த மாசம் என்று தட்டிக் கழித்தாள். கிருஷ்ணகிரியிலிருந்து ஜாதகங்கள் வந்தன. ஜாதகம் பொருந்தினால் ஆள் பொருந்தவில்லை, ஆள் பொருந்தினால் ஜாதகம் பொருந்தவில்லை. ஒவ்வொன்றும் தட்டிப்போகும்போது அவள் அம்மா அழுதாள், வித்யா நிம்மதியாகத் தூங்கினாள்.

தினமும் சாயங்காலம் லேப்டாப்பை ஆன் செய்வாள். கறுப்புத் திரையில் அந்த இரண்டு பெயர்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக வரும். ஒரு தட்டுத் தட்டினால் உடனே உள்ளே போய்விடலாம். அவள் தட்டமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு பத்து விநாடியும் முழுதாக ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். சில நாள் டீ டம்ளரோடு, சில நாள் தலை துவட்டிக்கொண்டே. ஒரு நாளில் அவளுக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள். அவளுக்கும் அது தெரியும். வனஜாவுக்காக அவள் ஏங்கினாள். அதற்கு வேறு பெயர் இருக்கிறதா என்று யோசிக்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

போன் வரும். முதலில் வாரம் தவறாமல் வந்தது, பிறகு மாதம் ஒருமுறை, குழந்தை பிறந்த பிறகு விசேஷத்துக்கு விசேஷம். 2008 செப்டம்பரில் ஒரு நாள் எதிர்பாராமல் வந்தது.

"ஏய் வித்யா! தசராவுக்கு ஊருக்கு வரோம்டி. பெங்களூர்ல அவங்க சித்தப்பா வீடு இருக்கு, ஒக்கலிபுரத்துல. அங்க நாலஞ்சு நாள் இருப்போம். பூஜை முடிஞ்சு வர ஞாயித்துக்கிழமை சாயங்காலம் உன்னப் பாக்க வந்துடறேன்."

வித்யா, "வா" என்றாள்.

"அந்தக் கார் ஆட்டம் இருக்கே, அதுல புதுசு வந்திருக்காமே. மழையெல்லாம் பெய்யுதாம், ரோடு வழுக்குதாம். போட்டு வைடி, ஒரு கை பாத்துடலாம்."

இதற்குப் பிறகு வித்யா நிலைகொள்ளவில்லை. மறுநாளே ஆட்டத்தின் சிடியை வாங்கிவந்துவிட்டாள். போடப் பார்த்தால் இடமில்லை. அவளுடைய பாதி நிரம்பி வழிந்தது. பழைய பாட்டுகள், அக்கா மகளின் காதுகுத்து வீடியோ, பயிற்சிக்கு வைத்திருந்த டாக்டர் குரல்கள் என்று ஒவ்வொன்றாக அழித்தாள். அப்படியும் பற்றவில்லை. மிச்சம் இருந்தது பழைய கார் ஆட்டம். அதில் யார் எத்தனை முறை ஜெயித்தார்கள் என்று இரண்டு பேர் பெயரும் பதிந்திருந்தது. அதை அழிப்பதற்குக் கையை வெட்டிக்கொள்ளலாம்.

ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற அசோகனிடம் கேட்டாள்.

"ரொம்ப சிம்பிள் மேடம்" என்றான் அசோகன். "அந்தப் பக்கம் நாப்பது ஜிபி இருக்கில்ல? அதுல பத்தக் கொறைச்சு உங்க பக்கம் சேத்துடலாம். நான் ஒரு சிடி தரேன். அதப் போட்டு ஆன் பண்ணுங்க. கோட்டப் புடிச்சு நகத்துற மாதிரிதான்."

"அந்தப் பக்கம் இருக்கறது போயிடுமா?"

"போகாது. காலி இடத்தத்தான் எடுக்கும். ஆனா உங்க பக்கம் முன்னாடி இருக்கறதால, பின்னாடி இருக்கறத மொத்தமாத் தூக்கித் தள்ளி வெக்கணும். அதுக்கு மூணு நாலு மணி நேரம் ஆகும். நடுவுல கரண்ட் மட்டும் போகக் கூடாது. போச்சுன்னா எல்லாம் பாதியில நிக்கும், அந்தப் பக்கம் அவ்வளவுதான். எதுக்கும் மொதல்ல அதுல இருக்கறத ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கங்க."

காப்பி எடுக்கவேண்டும் என்றால் வனஜாவின் பக்கத்தைத் திறக்கவேண்டும். வித்யா அதற்கு ஒப்பவில்லை. இடத்தை நகர்த்துவது வேறு, உள்ளே போய்ப் பார்ப்பது வேறு என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டாள். சரி, வனஜாவுக்கு ஒரு போன் போட்டு, "உன் பக்கத்துல கொஞ்சம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டிருக்கலாமே? அதையும் செய்யவில்லை. கூடாது என்பாளோ என்று அவள் பயப்படவில்லை. "எல்லாத்தையும் எடுத்துக்கயேன்" என்று வனஜா சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்தாள்.

ஆயுதபூஜை அன்று லீவு. பண்டிகை நாளில் கரண்ட்டை நிறுத்தமாட்டார்கள். லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடம் ஆகியிருந்தது, வயரைப் பிடுங்கினால் உடனே அணைந்துவிடும். அதனால் பிளக்கை இரண்டு முறை அழுத்திப் பார்த்தாள். ஸ்விட்சின் மேல் தெரியாமல் கை படக் கூடாது என்று ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டாள். பூஜையில் வைத்த பிறகு கருவிகளைத் தொடக் கூடாது, அதற்குள் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு, விடிந்ததும் குளித்துவிட்டு அசோகன் கொடுத்த சிடியைப் போட்டு ஆரம்பித்தாள். திரையில் ஒரு நீலப் பட்டை மெதுவாக ஊர்ந்தது. வனஜாவின் பாதி கொஞ்சம் கொஞ்சமாக நகர்வதை வித்யாவால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை. கதவை வெளியே பூட்டிக்கொண்டு கீழே போனாள்.

கீழே சந்திரம்மா வீடே அமளியாக இருந்தது. கிரைண்டர், மிக்ஸி, தையல் மிஷின், மகன் விட்டுப்போன ஸ்கூட்டர், அரிவாள்மணை எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாகிவிட்டது. ஸ்கூட்டர் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் தயார். வித்யா போனதும் வேலைகள் அவள் தலையில் விழுந்தன. வாழைக்கன்று கட்டினாள், பொரியில் வெல்லமும் கடலையும் கலந்தாள், பூசணிக்காயில் துளை போட்டுக் குங்குமம் நிரப்பினாள். வேலை செய்யச் செய்ய அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. ஞாயிற்றுக்கிழமை வனஜா வந்துவிடுவாள். ஒரு முழு சாயங்காலம். காரா பன் வாங்கவேண்டும், பூஜைக்கு மூடிய கடை அதற்குள் திறக்குமா என்றெல்லாம் மனசு ஓடிக்கொண்டிருந்தது.

சந்திரம்மாவின் வீட்டில் ஆயுதபூஜைக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான ஒரு சாமி உண்டு, வாசல் சுவரில் இருந்த கரண்ட் மீட்டர் போர்டு. என்றைக்கோ ஒருமுறை ஈரத்துணியோடு அதைத் துடைக்கப் போய் ஷாக் அடித்துத் தூக்கிப் போட்டது. அதிலிருந்து சந்திரம்மாவுக்கு அதன்மேல் பயம் பாதி, பக்தி பாதி. வருடத்துக்கு ஒருமுறை மெயினை அணைத்து, துடைத்து, பொட்டு வைத்து, பூ வைத்து, கற்பூரம் காட்டினால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆனால் மெயின் பிடியைத் தொடமாட்டாள். வனஜா இருந்தவரை அதை இறக்குவது வனஜா வேலை. அவள் போன பிறகு வித்யா வேலை.

"வித்யா, சொல்ப மெயின ஆஃப் பண்ணு கண்ணு. போர்டுக்குப் பொட்டு வெக்கணும்" என்றாள் சந்திரம்மா.

"இதோ ஆண்ட்டி" என்றாள் வித்யா. ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, போன வருடம் செய்த மாதிரியே, ஸ்டூலில் ஏறி அந்தப் பிடியைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

சந்திரம்மா நிதானமாகத் துடைத்தாள். மூன்று கோடு சந்தனம் போட்டாள், நடுவில் குங்குமம் வைத்தாள், ஒரு முழம் சாமந்தியைச் சுற்றினாள், கற்பூரம் காட்டினாள். வித்யா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் வேண்டிக்கொண்டதுகூட வனஜா நல்லபடி வந்துசேர வேண்டும் என்றுதான்.

"ஆயித்து. போட்டுடு."

பிடியை மேலே தள்ளினாள். கூடத்தில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த டிவி மறுபடி உயிர்பெற்று, முதலில் நீலமாகி, பிறகு கம்பெனி பெயர் காட்டி, பிறகு மெதுவாகப் படம் வந்தது. வித்யா கை நிறையப் பொரி அள்ளி வாயில் போட்டபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி ஏன் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது என்று ஒரு நொடி யோசித்தாள். மாடிக்கும் அதே மெயின்தான். பொரி கையிலிருந்து கொட்டியது. படியில் அவள் ஓடிய வேகத்துக்குச் செருப்பு ஒன்று கீழேயே கிடந்தது.

மாடியில் நாற்காலி குறுக்கே போட்டபடி இருந்தது. பிளக் அழுத்தி வைத்தபடி இருந்தது. லேப்டாப் இருட்டாக இருந்தது. சிடியை வெளியே எடுத்துவிட்டு ஆன் செய்தாள். கறுப்புத் திரை வந்தது. அதில் பெயர்கள் வரவில்லை. ஏதோ தவறு என்று ஒரே ஒரு வரி வந்து, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. மறுபடி அணைத்துப் போட்டாள், மறுபடி அதே வரி. மூன்றாவது முறையும் அதே வரி வந்தபோது வித்யா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஊரெல்லாம் கண் வைத்து ஊரெல்லாம் தடுத்திருந்தாலும் இவ்வளவு கச்சிதமாக நடந்திருக்காது. யாரையும் திட்ட வழியில்லை. கரண்ட்காரர்கள் நிறுத்தவில்லை, எலி கடிக்கவில்லை, அவளே ஸ்டூல் போட்டு ஏறி அணைத்தாள்.

சந்திரம்மா மூச்சு வாங்க மேலே வந்து பார்த்தாள். விஷயம் முழுதாகப் புரியவில்லை. "பூஜையில வெக்காம வேல வாங்கினா அதுக்குக் கோவம் வராதா கண்ணு?" என்றாள். அதற்கும் ஒரு பொட்டு வைத்து, பக்கத்தில் ஒரு வாழைப்பழமும் வைத்துவிட்டுப் போனாள்.

விடுமுறை முடிந்ததும் லேப்டாப்பை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அசோகன் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தான்.

"உங்க பக்கம் ஒரு கீறல் இல்ல மேடம், அப்படியே இருக்கு. நேரா அதுக்கே போற மாதிரி செஞ்சுட்டேன். அந்தப் பக்கம்தான் பாதி இங்க பாதி அங்கன்னு கலைஞ்சு போச்சு. எடுக்க முடியாது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அதுல முக்கியமானது ஏதாவது இருந்துதா?"

"தெரியாது" என்றாள் வித்யா. அது உண்மைதான்.

"இப்ப நாப்பதும் காலி. உங்க பக்கத்தோட சேத்துடட்டுமா? தாராளமா எடம் கெடைக்கும்."

அவள் தலையாட்டினாள். ஆட்டம் சுலபமாக ஏறியது. இன்னும் பத்து ஆட்டம் போட்டாலும் தாங்கும் அளவுக்கு இடம் கிடந்தது. வீட்டுக்கு வந்து ஆன் செய்தாள். கறுப்புத் திரை இல்லை, பெயர்கள் இல்லை, காத்திருக்க எதுவும் இல்லை. டீயைக் கையில் எடுப்பதற்குள் நேராக விண்டோஸ் வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை வரை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். நேராகச் சொல்லிப் பார்த்தாள், சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள், கரண்ட்மேல் பழி போட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு அது தப்பு என்று விட்டுவிட்டாள். "வந்து அளந்து பாப்பேன்" என்று ஆட்டிய விரல் கண்ணுக்குள்ளேயே நின்றது. வனஜா கோபப்பட்டால் தாங்கிக்கொள்ளலாம், அழுதால் என்ன செய்வது என்றுதான் அவளுக்குப் பெரிய கவலை.

வனஜா நாலு மணிக்கு வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், கை நிறைய வளையல். மற்றபடி அதே வனஜா. வாசலிலேயே சந்திரம்மாவைக் கட்டிக்கொண்டு கூச்சல் போட்டாள். மாடிக்கு வந்து வித்யாவின் கன்னத்தைப் பிடித்து இழுத்து, "ஏண்டி இப்படி இளைச்சுக் கெடக்க? சாப்பிடறியா, இல்ல டைப் அடிச்சதையே தின்னறியா?" என்றாள். வித்யாவுக்கு அந்த ஒரு வரியில் இரண்டரை வருடமும் கழன்று விழுந்துவிட்டது. அவளும் சிரித்தாள், அவளும் பேசினாள். மஸ்கட் வெயில், குழந்தையின் பல், பாலகுமாரின் குறட்டை என்று எல்லாவற்றையும் கேட்டாள்.

"பாப்பாவ மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்டி. அழுதா போன் வரும், ஓடணும். எங்க உன் வண்டி? ஸ்டார்ட் பண்ணு."

வனஜா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வலது பக்கம் உட்கார்ந்தாள். அது வித்யாவின் இடம். வித்யா இடது பக்கம் போய் உட்கார்ந்து, லேப்டாப்பை ஆன் செய்தாள். அவள் திரையைப் பார்க்கவில்லை, வனஜாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்பாள், இதோ கேட்பாள் என்று காத்திருந்தாள்.

"பரவால்லையே!" என்றாள் வனஜா. "இப்பல்லாம் சட்டுனு வந்துடுது. முன்னல்லாம் என்னமோ ஓடிட்டே இருக்குமே, உயிர வாங்கும்."

"வனஜா, ஒண்ணு சொல்லணும். உன் பக்கம் போயிடுச்சு."

"எந்தப் பக்கம்?"

வித்யா பதில் சொல்ல வாயெடுத்தாள். வனஜாவின் முகத்தில் விளையாட்டு இல்லை. அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. லினக்ஸ், பாதி, பூஜை, மெயின் என்று வித்யா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தாள். பாதியிலேயே வனஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அய்யோ, நீயே ஏறி ஆஃப் பண்ணியா? சந்திரம்மா சாமிக்கு நரபலியா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு வித்யாவின் கையைப் பிடித்தாள். "லூசு. அத இன்னுமா வெச்சிருந்தே? நான் போன மறுநாளே அழிச்சிருப்பேன்னு நெனச்சேன். அதுல என்ன இருந்துதுன்னே எனக்கு ஞாபகம் இல்லடி. போனாப் போவுது, விடு."

மன்னிப்பே கேட்க வேண்டியிருக்கவில்லை. எந்த வார்த்தைக்குப் பயந்து இத்தனை நாள் கேட்காமல் இருந்தாளோ, அதை வனஜா அன்பாகவே, கையைப் பிடித்துக்கொண்டே சொன்னாள். வித்யா, "ஆமா, விடு" என்றாள். வாங்கி வைத்திருந்த காரா பன் பொட்டலத்தைப் பிரித்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

ஆடினார்கள். மழை பெய்தது, ரோடு வழுக்கியது. பழைய லேப்டாப்புக்குப் புது ஆட்டம் மூச்சு வாங்கியது. திருப்பத்தில் வனஜா உடம்போடு சாய்ந்து வித்யாவின் தோளில் இடித்தாள். கார் பள்ளத்தில் விழுந்தது. வனஜா அதே சிரிப்புச் சிரித்தாள். கீழேயிருந்து சந்திரம்மா, "மறுபடி சிலிண்டரா?" என்று கேட்டாள். அந்த ஒரு நிமிஷம் வித்யாவுக்கு எல்லாம் திரும்பக் கிடைத்தது. இதற்காகத்தான் காத்திருந்தேன், இது போதும் என்று நினைத்தாள். போதவில்லை. வனஜா காரைப் பள்ளத்திலிருந்து ஏற்றுவதற்குள் போன் வந்தது. பாப்பா அழுகிறது.

"அடுத்த தடவ வரும்போது ரெண்டு நாள் தங்கறேன்டி, சத்தியமா" என்றாள் வனஜா. சந்திரம்மா குங்குமமும் வெற்றிலை பாக்கும் கொடுத்தாள். ஆட்டோவில் ஏறும்வரை வனஜா பேசிக்கொண்டே இருந்தாள். ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை வித்யா நின்றாள்.

மேலே வந்தபோது வனஜாவின் கார் இன்னும் பள்ளத்தில்தான் கிடந்தது, மழையும் பெய்துகொண்டிருந்தது. வித்யா அதை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை லேப்டாப்பை மறுபடி அசோகனிடம் கொண்டுபோய் வைத்தாள்.

"மறுபடியும் போச்சா மேடம்?"

"இல்ல, நல்லா இருக்கு. ஆன் பண்ணினா மொதல்ல ஒரு கறுப்புத் திரை வருமே, எதுக்குள்ள போகணும்னு கேட்டு. அது வேணும். அதுல ரெண்டு பேர் போடணும். மேல வனஜா, கீழ வித்யா."

அசோகன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "ஒரே விண்டோஸ்தான் மேடம் இருக்கு. எத அழுத்தினாலும் அதுக்குள்ளதான போகும்?"

"போகட்டும்."

"சும்மா நேரந்தான் வீணாகும்."

"பரவால்ல, போடுங்க."

அவன் தோளைக் குலுக்கிவிட்டு எதையோ திறந்து இரண்டு வரி அடித்தான். "எவ்வளவு நேரம் நிக்கணும்? பத்து செகண்ட் வெக்கட்டுமா?"

வித்யா கொஞ்சம் யோசித்தாள்.

"முப்பது வைங்க" என்றாள்.